கைத்தட்டலை நீக்கிய கச்சேரி

டோக்கியோவில் சுகிஜி பகுதிக்கு அருகே சூவோ கைகான் என்றொரு பொது அரங்கம் உண்டு. சுமார் 900 பேர் உட்காரலாம். 1982 பிப்ரவரியில் இரண்டு நாட்கள் அங்கே கசியோபியா என்ற குழு வாசித்தது. கித்தாரில் இஸ்ஸெய் நோரோ, கீபோர்டில் மினோரு முகாயா, பேஸ் கித்தாரில் தெட்சுவோ சகுராய், டிரம்ஸில் அகிரா ஜிம்போ. முதல் இருவருக்கும் வயது 25, சகுராய்க்கு 24. ஜிம்போவுக்கு 23 நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. பாடகர் கிடையாது, விருந்தினர் கிடையாது. அந்த இரண்டு நாள் ஒலிப்பதிவிலிருந்து ஏழு உருப்படிகளைத் தேர்ந்தெடுத்து, அதே ஆண்டு மே மாதம் அல்ஃபா நிறுவனம் ஓர் இசைத்தட்டாக வெளியிட்டது. அதன் பெயர் ‘மின்ட் ஜாம்ஸ்’. நால்வருடைய பெயர்களின் எட்டு ஆங்கில முதலெழுத்துகளை இடம் மாற்றி அடுக்கிப் பிறந்த பெயர் அது.

இது மேடைக் கச்சேரியின் பதிவு என்று தெரியாமல் கேட்பவர்கள் ஸ்டுடியோவில் செய்த வேலை என்றே நினைப்பார்கள். அப்படி நினைக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். உருப்படி முடிந்ததும் எழும் கைத்தட்டல், நடுவில் வரும் ஆரவாரம், மேடையிலிருந்து பேசும் பேச்சு ஆகியவற்றில் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டது. ஆங்காங்கே மட்டும் கூட்டத்தின் இரைச்சல் கொஞ்சம் கசிகிறது. வழக்கமாக ஒரு குழு மேடைப் பதிவை வெளியிடும்போது கூட்டத்தைக் காட்டத்தான் விரும்பும். இத்தனை பேர் வந்தார்கள், இப்படிக் கொண்டாடினார்கள் என்பதே அந்த வகை இசைத்தட்டின் கவர்ச்சி. கசியோபியா அந்தக் கவர்ச்சியை விலக்கிவிட்டு, கச்சேரியிலிருந்து வேறொன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. அது என்ன, அவர்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்க்க, அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளுக்குப் போக வேண்டும்.

1970களின் பிற்பகுதியில் ஜப்பானில் ஜாஸ் கேட்பவர்களின் உலகம் அகன்றுகொண்டிருந்தது. அதுவரை ஜாஸ் என்றால் ‘ஜாஸ் கிஸ்ஸா’ எனப்படும் சிறிய காபிக் கடைகளில், பெரிய ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்து கேட்கும் இசை. ராக், ஃபங்க், லத்தீன் தாளங்களோடு ஜாஸைக் கலக்கும் அமெரிக்கக் குழுக்கள் வந்தபோது முதலில் அதைக் ‘கிராஸ்ஓவர்’ என்றார்கள், பிறகு ‘ஃபியூஷன்’ என்றார்கள். நியூயார்க்கின் ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள் சேர்ந்த ‘ஸ்டஃப்’ குழு 1978இல் டோக்கியோவில் வாசித்த கச்சேரி இசைத்தட்டாகவே வந்தது. அதே ஆண்டு சாக்ஸபோன் கலைஞர் சதாவோ வத்தனபே லாஸ் ஏஞ்சலஸ் கலைஞர்களான லீ ரிட்டனவர், டேவ் குரூசின், ஹார்வி மேசன் ஆகியோருடன் செய்த ‘கலிஃபோர்னியா ஷவர்’ ஜப்பானில் பெரும் வெற்றி பெற்றது. வாத்திய இசை பாட்டுக்குச் சமமாக விற்கும் என்பதை இசைத்தட்டு நிறுவனங்கள் கண்ணால் கண்ட தருணம் அது.

கசியோபியா 1976இல் தொடங்கியது. மறு ஆண்டு யமஹா நடத்திய ‘ஈஸ்ட்வெஸ்ட்’ அமெச்சூர் குழுக்களுக்கான போட்டியில் நோரோ சிறந்த கித்தார் கலைஞருக்கான பரிசு பெற்றார். முகாயாவும் அந்தக் காலத்தில்தான் சேர்ந்தார். 1979 மே மாதம் முதல் ஆல்பம் வந்தபோது அல்ஃபா நிறுவனம் அதில் மூன்று பெரிய பெயர்களைச் சேர்த்தது: டிரம்பெட்டில் ராண்டி பிரெக்கர், சாக்ஸபோனில் அவர் தம்பி மைக்கேல் பிரெக்கர், டேவிட் சான்போர்ன். புதிய குழுவை அறிமுகப்படுத்த அமெரிக்க நட்சத்திரங்களின் துணை. வியாபாரக் கணக்கில் இது சரியான முடிவு. கேட்கவும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஆல்பத்தின் பல இடங்களில் காது தானாகவே விருந்தினர் பக்கம் திரும்பிவிடுகிறது. இருபத்திரண்டு வயதுக் கித்தார்க்காரர் எழுதிய மெட்டு பின்னால் நிற்கிறது.

அடுத்த ஆண்டு ஜிம்போ வந்தார். கெய்யோ பல்கலைக்கழகத்தின் ‘லைட் மியூசிக் சொசைட்டி’ என்ற மாணவர் பிக் பேண்டில் வாசித்துக்கொண்டிருந்தவர், படிப்பு முடியும் முன்பே தொழில்முறைக் குழுவின் டிரம்ஸில் உட்கார்ந்தார். பிக் பேண்டில் பழகியது அவரிடம் தெளிவாகத் தெரியும். பதினைந்து, இருபது பேர் வாசிக்கும் எழுதப்பட்ட இசையில் எந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து இறங்க வேண்டும், அதற்கு முன் டிரம்ஸ் எப்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குக் கைவந்திருந்தது. நோரோ எழுதிய உருப்படிகளுக்கு வேண்டியிருந்தது அதுவே. ஜிம்போ சேர்ந்ததும் அல்ஃபா வெளியிட்ட முதல் ஆல்பம் ‘தண்டர் லைவ்’ என்ற மேடைப் பதிவு. இந்த நால்வரின் சேர்க்கையைத் தொடக்கத்திலேயே மேடையில்தான் பதிவு செய்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

1981இல் அவர்கள் அமெரிக்கா போனார்கள். ‘ஐஸ் ஆஃப் த மைண்ட்’ ஆல்பத்தை லாஸ் ஏஞ்சலஸில் ஹார்வி மேசன் தயாரித்தார். ‘டேக் மீ’, ‘அசயாகே’ போன்ற தங்களின் பழைய உருப்படிகளை அங்கே மறுபடியும் பதிவு செய்தார்கள். மேசன் அந்த இசையின் அடர்த்தியைக் குறைத்தார். இடைவெளிகளைத் திறந்தார், தாளத்தைத் தளர்த்தினார். தேர்ந்த கையின் வேலை அது, சந்தேகமில்லை. ஆனால் என் காதுக்கு அதில் ஏதோ ஓர் அடக்கம் தெரிகிறது. வேற்றூர் உறவினர் வீட்டில் நல்ல உடை உடுத்தி அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் போல நால்வரும் வாசிக்கிறார்கள். அதே உருப்படிகளை அடுத்த ஆண்டு சுகிஜியில் வாசித்ததைக் கேட்டால் வேகமும் விறைப்பும் நெருக்கமும் திரும்பியிருக்கின்றன. ஜப்பானிய மெட்டும் அமெரிக்க மெருகும் ஒன்றையொன்று சோதித்துப் பார்த்த பிறகு, குழு தன் பக்கத்து விடையை எழுதிக்கொடுத்தது போன்றது ‘மின்ட் ஜாம்ஸ்’.

இங்கே அல்ஃபா பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. இசையமைப்பாளர் குனிஹிகோ முராய் தொடங்கிய இந்த நிறுவனத்தில்தான் ‘யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா’வும் இருந்தது. ஹாருவோமி ஹொசோனோ, ரியூச்சி சகமோட்டோ, யுகிஹிரோ தகஹாஷி ஆகிய மூவரும் ரோலண்ட் நிறுவனத்தின் எம்சி-8 என்ற கருவியில் சுரங்களை எண்களாக உள்ளிட்டு, சிந்தசைசரை அதன்படி ஓடவிட்டு, அந்த ஓட்டத்தோடு சேர்ந்து வாசித்தார்கள். எந்திரத்தின் துல்லியமே அவர்களுடைய அழகியல். 1979இல் வந்த ‘சாலிட் ஸ்டேட் சர்வைவர்’ ஜப்பானை உலுக்கியது. அதே நிறுவனத்தில், அதே ஆண்டுகளில், கசியோபியா அதற்குச் சமமான துல்லியத்தைக் கையாலேயே எட்டிக்கொண்டிருந்தது. இரு குழுக்களையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவது எளிது. நான் அவர்களை ஒரே கேள்வியின் இரண்டு விடைகளாகப் பார்க்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்து டோக்கியோவில் ஒழுங்கு என்பதே பரவசம் தரக்கூடிய பொருளாக இருந்தது. ஒரு குழு அதை எந்திரத்திடம் ஒப்படைத்தது. மற்றொன்று எட்டுக் கைகளிடம் ஒப்படைத்தது.

இனி இசைக்கு வருவோம். ஏழு உருப்படிகளில் மூன்று, அதாவது ‘மிட்நைட் ராந்தெவு’, ‘டைம் லிமிட்’, ‘டியர்ஸ் ஆஃப் த ஸ்டார்’, முதல் ஆல்பத்திலிருந்து வந்தவை. ‘டேக் மீ’யும் ‘அசயாகே’யும் அதே 1979இல் வந்த இரண்டாவது ஆல்பமான ‘சூப்பர் ஃபிளைட்’டில் முதலில் வந்தவை. புதிய சரக்கைக் காட்ட வேண்டும் என்ற அவசரம் இந்த ஆல்பத்தில் இல்லை. மேடையில் பலமுறை வாசித்து, எந்த இடத்தில் யார் விலக வேண்டும், யார் முன்வர வேண்டும் என்று தெரிந்த உருப்படிகளையே மறுபடி எடுத்திருக்கிறார்கள். நம் கச்சேரிகளில் ஒரே கீர்த்தனையை ஒரு வித்துவான் பத்தாண்டு பாடி அதற்கு ஓர் உருவம் கொடுப்பதை அறிந்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது.

‘அசயாகே’ என்றால் விடியற்காலைச் செவ்வானம். கித்தார் தனியாகத் தொடங்குகிறது. நோரோவின் வலது கை ஒவ்வொரு அடியையும் நான்காகப் பிரித்து, இடைவிடாமல் கம்பிகளை மேலும் கீழும் தட்டிக்கொண்டே இருக்கிறது. நம் கணக்கில் சதுஸ்ர நடை. ஆனால் நான்கு தட்டலிலும் ஒலி எழுவதில்லை. இடது கை கம்பியை அழுத்தும் நேரத்தில் மட்டும் கார்டு எனும் சுரக்கூட்டு பளிச்சென்று கேட்கிறது. விரலைத் தளர்த்திய நேரத்தில் சுருதியற்ற ஒரு ‘சிக்’ ஓசை மட்டும். ஜப்பானியக் கித்தார்க்காரர்கள் இதைக் ‘கட்டிங்’ என்பார்கள். எங்கே ஒலிக்க வேண்டும், எங்கே ஒலிக்கக் கூடாது என்ற அந்தத் தேர்வுதான் ‘அசயாகே’யின் முகம். மிருதங்கத்தில் தொப்பியை அடக்கும் கைக்கும் இதற்கும் வேலை ஒன்றுதான். ஜப்பானில் எத்தனையோ பல்கலைக்கழக இசைக்குழு மாணவர்கள் இந்த முன்னிசையை வாசித்துப் பார்த்து வலது மணிக்கட்டு வலிக்க நின்றிருக்கிறார்கள்.

முன்னிசைக்குப் பின் மற்ற மூவரும் நுழையும்போது நடப்பதுதான் இந்த ஆல்பம் முழுவதற்கும் அடிப்படை. மெட்டைக் கித்தாரும் கீபோர்டும் பல இடங்களில் ஒரே சுரவரிசையில் சேர்ந்தே வாசிக்கின்றன. கித்தாரின் கம்பி ஒலி தொடக்கத்தில் கூர்மையாகவும் பிறகு தேய்ந்தும் போகும். சிந்தசைசர் ஒலி தொடங்கியபின் நிலைத்து நிற்கும். இரண்டும் ஒரே நொடியில் தொடங்கினால் காதுக்குக் கேட்பது மூன்றாவது ஒரு கருவி, கூர்மையும் நீட்சியும் கலந்த ஒரு குரல். ஒருவர் கண்ணிமைக்கும் நேரம் முந்தினாலும் அந்தக் குரல் இரண்டாக உடைந்துவிடும். ‘மின்ட் ஜாம்ஸ்’ ஓடும் நாற்பது நிமிடத்தில் அது உடையும் இடத்தைத் தேடிப் பார்க்கலாம். எனக்கு அகப்படவில்லை.

‘டேக் மீ’ ஆல்பத்தின் தொடக்கம் என்பது துணிச்சலான தேர்வு. மேடைப் பதிவுகள் வேகமான உருப்படியில் தொடங்குவதுதான் மரபு. இதுவோ நடுத்தர வேகத்தில், எதையும் நிரூபிக்க வேண்டிய பதற்றமில்லாமல் நடக்கும் மெட்டு. வாயால் பாடக்கூடிய அளவுக்கு எளிமையானது. ஆனால் அதன் அடியில் கார்டுகள் நகரும் பாதை எளிமையானதல்ல. மெட்டின் ஒரே சுரம் அடுத்தடுத்து வெவ்வேறு கார்டுகளின்மேல் நிற்கும்போது அதன் நிறம் மாறிக்கொண்டே போகிறது. நோரோவின் இசையமைப்பில் நான் மிகவும் மதிப்பது இந்தக் குணத்தைத்தான். சிக்கலை அடியில் வைத்து, மேலே ஒரு குழந்தையும் முணுமுணுக்கக்கூடிய வரியை ஓடவிடுகிறார். பாடல் வரிகள் இல்லாத இசையில் கேட்பவர் பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். அதை அவர் மெட்டிலேயே செய்துகொடுத்தார்.

‘டைம் லிமிட்’ பெயருக்கேற்ற ஓட்டம், விரைந்து முடிந்துவிடுகிறது. ‘மிட்நைட் ராந்தெவு’ அதற்கு முன்னால் நின்று வேகத்தைத் தாழ்த்துகிறது.

இசைத்தட்டைத் திருப்பினால் ‘டொமினோ லைன்’. இதில் சகுராய்க்கும் ஜிம்போவுக்கும் தனி ஆவர்த்தனம் உண்டு. சகுராய் கட்டைவிரலால் தடித்த கம்பிகளை அறைந்து, ஆள்காட்டி விரலால் மெல்லிய கம்பிகளைக் கொக்கிபோல் இழுத்துவிடுகிறார். ஜப்பானில் அப்போது இதைச் ‘சாப்பர்’ என்றார்கள். அமெரிக்க ஃபங்க் கலைஞர்களிடமிருந்து வந்த உத்தி. ஆனால் சகுராய் அதை வாசிக்கும்போது ஒவ்வோர் ஒலியும் தனித்தனியாக, ஒன்றன்மேல் ஒன்று சாயாமல் நிற்கிறது. அடுத்து ஜிம்போ. இந்த இடத்தில் இளம் டிரம்ஸ் கலைஞர்கள் பொதுவாகச் சத்தத்தைப் பெருக்குவார்கள். ஜிம்போ கணக்கைப் பெருக்குகிறார். கால்கள் ஒரு நடையைப் பிடித்து நிற்க, கைகள் அதன்மேல் வேறொரு பிரிவினையை அடுக்குகின்றன. மீண்டும் மெட்டு நுழைய வேண்டிய இடத்துக்கு அவர் வந்து சேரும் விதத்தில் அவசரமே இல்லை. தனி முடிந்து பல்லவி எடுக்கும் நொடியின் சிலிர்ப்பை அறிந்த காதுகள் இதைத் தவறவிடக் கூடாது.

‘டியர்ஸ் ஆஃப் த ஸ்டார்’ மெதுவான உருப்படி. நோரோவின் நீண்ட, அதிராத சுரங்கள் இங்கே நிற்கின்றன. வேகமாக வாசிப்பவர் மெதுவாக வாசிக்கும்போதுதான் அவர் யார் என்று தெரியும் என்பார்கள். இங்கே அவர் சுரத்தைப் பிடித்து நிறுத்தும் நேரமும் விடும் நேரமும் பாடகருக்குரியவை. கடைசியில் வரும் ‘ஸ்வேர்’ திறந்த, வெளிச்சமான மெட்டு. ஆல்பத்தை வெற்றிக் கூச்சலில் முடிக்காமல், தெளிந்த மனநிலையில் முடிக்கிறது.

இப்போது அழிக்கப்பட்ட கைத்தட்டலுக்குத் திரும்பலாம். ஒரு குழுவுக்கு ஸ்டுடியோவில் கிடைப்பது தெளிவு, மேடையில் கிடைப்பது அழுத்தம். ஸ்டுடியோவில் பிழை வந்தால் நிறுத்தி மறுபடி வாசிக்கலாம். ஒவ்வொரு கருவியையும் வெவ்வேறு நாளில் தனியாகப் பதியலாம். அதனாலேயே அங்கே நால்வரும் ஒருவரையொருவர் நம்பி அடுத்த அடியை எடுத்துவைக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது. மேடையில் அந்தக் கட்டாயம் முழுமையாக இருக்கிறது. ஆனால் மேடைப் பதிவில் அரங்கத்தின் எதிரொலியும் கூட்டத்தின் சத்தமும் நுண்ணிய பகுதிகளை மூடிவிடும். ‘மின்ட் ஜாம்ஸ்’ மேடையின் கட்டாயத்தை வைத்துக்கொண்டு அரங்கத்தை நீக்கியது. கருவிகளின் ஒலி அரங்கின் வழியாக வராமல் ஒலிவாங்கியிலிருந்து நேராகக் காதுக்கு வருவதுபோல் இருக்கிறது. டிரம்ஸின் சிம்பல் எங்கே இருக்கிறது, கித்தார் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதெல்லாம் துல்லியம். அதனாலேயே கேட்பவர் அரங்கின் இருக்கையில் இல்லை, நால்வருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக் கேட்கும் பழக்கமும் அப்போதுதான் பிறந்திருந்தது. கசியோபியாவின் முதல் ஆல்பம் வந்த சில வாரங்களில், 1979 ஜூலையில், சோனியின் வாக்மேன் கடைக்கு வந்தது. இசை கூடத்திலிருந்து காதுக்குள் குடிபெயர்ந்தது. எஃப்எம் வானொலி நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பிடித்துவைப்பது அக்கால ஜப்பானிய இளைஞர்களின் பெரும் பொழுதுபோக்கு. எந்த நேரத்தில் எந்த இசைத்தட்டு ஒலிபரப்பாகும் என்று முன்கூட்டியே அச்சிடும் இதழ்கள் விற்றன. அந்தக் கேசட் ரயிலிலும் காரிலும் கூடவே போனது. ‘மின்ட் ஜாம்ஸ்’ வெளியாகிச் சில மாதங்களில், 1982 அக்டோபரில், உலகின் முதல் சிடி இயக்கியும் டோக்கியோவில் விற்பனைக்கு வந்தது. அரங்கின் மூச்சை அகற்றிய, ஒவ்வோர் ஒலியும் தனித்து நிற்கும் ஓர் ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான காலம் அமைந்திருக்காது.

இந்த வகை இசைமீது ஜாஸ் விமர்சகர்கள் அன்றிலிருந்து வைக்கும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. இது மிகவும் சுத்தமானது, கறையில்லாதது, அதனால் உயிரில்லாதது. தொலைக்காட்சியின் வானிலை அறிக்கைக்குப் பின்னணியாக ஓடும் இசை. உண்மையில் ஜப்பானியத் தொலைக்காட்சிகள் ஃபியூஷன் இசையை அப்படித்தான் அள்ளிப் பயன்படுத்தின. குற்றச்சாட்டின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: ஜாஸின் உயிர் மனோதர்மத்தில் இருக்கிறது, முன்கூட்டியே எழுதியதில் இல்லை. அந்த அளவுகோலை எடுத்தால் ‘மின்ட் ஜாம்ஸ்’ தோற்கும். கித்தாருக்கும் கீபோர்டுக்கும் அதில் தனி வாசிப்புகள் இருக்கின்றன. அவை நல்லவை, ஆனால் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனைப் போல் ஓர் உருப்படியை உடைத்து வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகும் வாசிப்புகள் அல்ல. குறித்த நீளத்தில் தொடங்கி, குறித்த இடத்தில் முடிந்து, மெட்டிடம் திரும்ப ஒப்படைத்துவிடுகின்றன.

அளவுகோலையே கேள்வி கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். கசியோபியாவின் இசையில் தனியாளின் தேடல் மையமல்ல. எழுதப்பட்ட ஓர் அமைப்பை நால்வரும் ஒரே மனதாக நிகழ்த்துவதே மையம். அதில் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஒவ்வோர் அடியும் விழும் இடத்தைச் சிறிதளவு முன்னும் பின்னும் நகர்த்தும் உரிமையில் இருக்கிறது. ஜிம்போவின் ஸ்னேர் டிரம் எங்கே விழுகிறதோ, சகுராயின் கட்டைவிரல் அதையொட்டி விழுகிறது. எந்திரத்தின் துடிப்புக்குக் கட்டுப்பட்ட வாசிப்பில் இந்த நெகிழ்ச்சி இருக்காது. வேகமான இடங்களில் நால்வரும் சேர்ந்து துளி முன்னே சாய்வதும், மெட்டு திரும்பும் இடத்தில் சேர்ந்து அமர்வதும் உடம்புக்குத் தெரிகிறது. யாரும் யாரையும் இழுக்கவில்லை. உணர்ச்சியின் எதிர்ப்பதமாகத் துல்லியத்தைப் பார்க்கும் பழக்கம் நமக்கும் உண்டு. இந்த ஆல்பத்தில் துல்லியம் என்பது ஒருவர் மற்றவரைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கான சான்று.

குற்றச்சாட்டில் ஒரு பகுதி சரி என்றும் சொல்ல வேண்டும். ஆபத்து இந்த இசையில் குறைவு. விழுந்துவிடுவார்களோ என்ற பதைப்பைத் தரும் கச்சேரியைத் தேடுபவர்கள் வேறிடம் போகத்தான் வேண்டும். அதே வகையில் பின்னால் வந்த பல குழுக்கள் இந்தச் சுத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் அடியிலிருந்த கார்டு நகர்வுகளையும் கேட்கும் ஒழுக்கத்தையும் விட்டுவிட்டன. அப்போது கிடைத்தது வானிலை அறிக்கை இசைதான்.

இந்த ஆல்பத்தின் விதைகள் விழுந்த இடங்கள் பல. ஒன்று, ஏற்கெனவே சொன்ன மாணவர் குழுக்கள். இரண்டு, வீடியோ கேம் இசை. எண்பதுகளில் அந்தத் துறைக்குள் நுழைந்த ஜப்பானிய இசையமைப்பாளர்கள் பலர் ஃபியூஷன் கேட்டு வளர்ந்த தலைமுறை. சில ஒலித்தடங்கள் மட்டுமே கொண்ட சில்லுக்குள், பாடகரின்றி, மணிக்கணக்கில் கேட்டாலும் சலிக்காத மெட்டு வேண்டும் என்ற தேவைக்கு இந்த வகை இசையில் ஆயத்தமான விடை இருந்தது. வலுவான மெட்டு, ஓடிக்கொண்டே இருக்கும் பேஸ், நகர்ந்துகொண்டே இருக்கும் கார்டுகள். மூன்றாவது, எதிர்பாராத இடம்: ரயில். முகாயா சிறு வயதிலிருந்தே ரயில் பித்தர். 1985இல் தொடங்கிய தம் நிறுவனத்தின் வழியாக ரயில் ஓட்டும் சிமுலேட்டர்களை உருவாக்கினார். பிறகு ஜப்பானிய ரயில் நிலையங்களில் வண்டி கிளம்பும்போது ஒலிக்கும் சில நொடி மெட்டுகளை எழுதத் தொடங்கினார். டோக்கியோ மெட்ரோவின் தோஸாய் தடத்துக்கு 2015இல் அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனிச் சிறு மெட்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாக இணைத்தால் அவை ஒரே பாட்டாகிவிடும். ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் தொடரும் அந்த எண்ணம் கசியோபியாவின் மேடையில் பல ஆண்டு வேலை செய்தவருக்கே வரும்.

நாற்பது ஆண்டுக்குப் பிறகு உலகம் இந்த ஆல்பத்தைத் தேடி வந்தது வேறு கதை. யூடியூப்பின் பரிந்துரைகள், இதைக் கேட்டிராத நாடுகளின் இளைஞர்கள் முன்னால் இதைக் கொண்டுவந்து வைத்தன. இலட்சக்கணக்கானோர் கேட்டார்கள். ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை என்பது அந்தப் பரவலுக்கு உதவியது. கூட்டத்தின் சத்தம் இல்லாததும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். 1982இன் கூட்டம் ஆரவாரித்துக்கொண்டிருந்தால் பிற்காலத்தில் கேட்பவர் வேறொருவருடைய பழைய மாலையில் ஒட்டுக்கேட்பவராகியிருப்பார். அந்தச் சுவர் இங்கே இல்லை.

கசியோபியா இதுபோன்ற ஓர் ஆல்பத்தை மறுபடி செய்யவில்லை என்பது என் கருத்து. அதே 1982இன் பிற்பகுதியில் ரிட்டனவர், டான் குரூசின், நேதன் ஈஸ்ட், ஹார்வி மேசன் ஆகியோரோடு நான்குக்கு நான்காக ‘4x4’ வந்தது. மறு ஆண்டு ‘ஜைவ் ஜைவ்’ லண்டனில் பதிவானது. இரண்டிலும் சிறந்த தருணங்கள் உண்டு. ஆனால் 1983இல் இசை செய்யும் முறையே மாறியது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மிடி என்ற பொது மொழி வந்தது. யமஹாவின் டிஎக்ஸ்7 சிந்தசைசர் வந்தது, முகாயா அதன் முன்னணிக் கலைஞர்களில் ஒருவரானார். எட்டுக் கைகளால் மட்டுமே செய்ய முடிந்ததைக் கருவிகள் பகிர்ந்துகொள்ளத் தொடங்கின. அதை அவர்கள் ஆர்வத்தோடு ஏற்றார்கள். ஏற்றதில் தவறு ஏதுமில்லை. புதிய கருவிகளிடமிருந்து விலகி நிற்பது அவர்கள் இயல்பாக ஒருபோதும் இருந்ததில்லை.

எண்பதுகளின் முடிவில் சகுராயும் ஜிம்போவும் குழுவிலிருந்து பிரிந்து ‘ஜிம்சாகு’ என்ற இணையாக 1998 வரை வாசித்தார்கள். நோரோவும் முகாயாவும் வேறு பேஸ், டிரம்ஸ் கலைஞர்களோடு கசியோபியாவைத் தொடர்ந்தார்கள். 2006இல் குழு இடைநிறுத்தம் அறிவித்தது. 2012இல் நோரோ அதை மீண்டும் தொடங்கியபோது கீபோர்டில் கியோமி ஓதாகா இருந்தார். ஜிம்போ தனிக் கச்சேரிகளில் டிரம்ஸோடு மின்னணுப் பலகைகளைப் பொருத்திக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் மெட்டின் அடுத்த சுரம் ஒலிக்கும்படி அமைத்து, முழு உருப்படிகளையும் ஒருவராகவே வாசித்துக் காட்டினார். அசாத்தியமான திறமை அது. ஆனால் அங்கே அவர் வேறு யாருடைய கைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ‘டொமினோ லைன்’ தனி ஆவர்த்தனம் முடிந்து மற்ற மூவரும் நுழையும் நொடியில் இருக்கும் அந்தக் காத்திருப்பு, ஒருவர் வாசிக்கும் இசையில் கிடைக்காது. 2021இல் அவரும் சகுராயும் முகாயாவும் ‘கட்சுஷிகா ட்ரியோ’ என்ற பெயரில் மறுபடி ஒரே மேடைக்கு வந்தார்கள். அந்தக் குழுவில் கித்தார் கிடையாது. மெட்டை முகாயாவின் கீபோர்டு எடுத்துக்கொள்கிறது.